அடுப்பில் எரிவதும் பானையில் வேகுவதும்

அன்புள்ள பாப்பா,

பாலிசாக்கரைடு பாடம் மனப்பாடமாகிவிட்டது, ஆனால் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். பாக்கார் ஆராங் என்ற உன் ஊர்ப் பெயரிலிருந்தே வருகிறேன். மலாயில் ‘பாக்கார்’ என்றால் எரிப்பது, ‘ஆராங்’ கரி. உன் பாட்டி தோட்டத்து லயத்தில் சமைத்த காலத்தில் அடுப்பில் ரப்பர் கட்டை எரியும். மேலே பானையில் கெடா அரிசி வேகும். கட்டையில் அதிகம் இருப்பது செல்லுலோஸ், அரிசியில் மாவுச்சத்து. இரண்டும் பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை கோத்த சங்கிலி. இரண்டையும் கடைசிவரை உடைத்துப் பார், கையில் மிஞ்சுவது ஒரே குளுக்கோஸ்தான்.

பிறகு ஏன் ஒன்று சோறு, இன்னொன்று விறகு? கோத்த விதம் வேறு. மாவுச்சத்தில் குளுக்கோஸ்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி ஆல்ஃபா பிணைப்பில் கோத்திருக்கும். அதனால் சங்கிலி சுருளும். செல்லுலோஸில் ஒன்று நிமிர்ந்து நின்றால் அடுத்தது தலைகீழ். அது பீட்டா பிணைப்பு. சங்கிலி நேராக நீளும். நேரான சங்கிலிகள் அருகருகே படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றி, முறுக்கிய கயிறாக இறுகும். செல் சுவருக்கு வேண்டியது அந்த இறுக்கம். நம் எச்சிலில் உள்ள நொதியோ ஆல்ஃபா பிணைப்பை மட்டுமே வெட்டும். மாடு புல்லைத் தின்று பிழைப்பதுகூட, அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வெட்டிக் கொடுப்பதால்தான்.

சேமிப்புக்கு ஏன் தனிக் குளுக்கோஸ் ஆகாது? அது கரைந்து தண்ணீரை இழுக்கும், செல் வீங்கிவிடும். எளிதில் கரையாத மணிகளாக மாவுச்சத்து அடங்கிக் கிடக்கிறது.

அந்த மணிக்குள் இரண்டு வகை உண்டு. கிளை அநேகமாக இல்லாத அமைலோஸ், கிளைவிட்ட அமைலோபெக்டின். புலுட் எனும் ஒட்டும் அரிசியில் அமைலோஸ் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் வெந்ததும் அப்படி ஒட்டுகிறது. பள்ளி ஆய்வகத்தில் இரண்டு அரிசியையும் இடித்து, அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பார். சாதாரண அரிசி கருநீலமாகும், அமைலோஸ் சுருளுக்குள் அயோடின் புகுந்துகொள்வதால். புலுட் செம்பழுப்பாக நிற்கும். எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது அந்த நிறங்களைக் கண்ட அன்றுதான்.

நம் கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோஜனில் கிளைகள் இன்னும் நெருக்கம். அமைலோபெக்டினில் 24 முதல் 30 குளுக்கோஸுக்கு ஒரு கிளை. கிளைக்கோஜனில் 8 முதல் 12க்கு ஒன்று. கிளைக்கோஜனை உடைக்கும் நொதி நுனியிலிருந்துதான் வெட்டும். கிளை கூடினால் நுனியும் கூடும். ஒருவரே ரப்பர் காடு முழுக்கப் பால் வெட்டினால் என்றைக்கு முடியும்? ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்தால் விடியலிலேயே வாளி நிறையும். ஓடும் விலங்குக்கு அந்த அவசரம் உண்டு, நின்ற இடத்தில் நிற்கும் நெற்பயிருக்கு இல்லை. விளையாட்டுப் போட்டியில் நீ 100 மீட்டர் ஓடினாயே, அப்போது உன் தொடைத் தசையில் எத்தனையோ நுனிகளில் ஒரே நேரத்தில் வெட்டு நடந்தது.

அன்புடன்,
மாமா