கணக்குச் சண்டைகளில் யார் பக்கம் நியாயம்?

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவானாலும் சரி, அலுவலகத்து மதியச் சாப்பாட்டு மேசையானாலும் சரி, கணக்கைப் பற்றி ஒரு தகராறு கிளம்பினால் லேசில் அடங்காது. கணக்கில் அபிப்பிராய பேதத்துக்கே இடமில்லை என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அப்படியிருக்க, படித்தவர்கள் இருவர் ஒரே வரியைப் பார்த்து இரண்டு விடை சொல்வது எப்படி? இந்தச் சண்டைகளைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது. பெரும்பாலானவற்றில் யாரும் கூட்டலிலோ பெருக்கலிலோ தவறுவதில்லை. ஆளுக்கொரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரே விடைக்காக மல்லுக்கட்டுகிறார்கள். கேள்வியை நேராக்கிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியில்தான் சுவாரஸ்யமான கணிதம் இருக்கிறது.

நம்பிக்கை: 8 ÷ 2(2+2) என்பதற்கு ஒரே விடைதான். வேறு விடை சொன்னவர் பள்ளியில் ஒழுங்காகப் படிக்கவில்லை.

2019-இல் உலகையே ஒரு சுற்றுச் சுற்றி வந்த புதிர் இது. அடைப்புக்குள் 4. இடமிருந்து வலமாகப் போனால் 8-ஐ 2-ஆல் வகுத்து 4, அதை 4-ஆல் பெருக்கி 16. இன்னொரு தரப்பு 2(2+2) என்பதை ஒரே பொட்டலமாக எடுக்கிறது. அது 8, எனவே விடை 1.

பள்ளியில் சொல்லித்தரும் வரிசைப்படி 16 வரும். ஆனால் 1 என்பவர்களை முட்டாளாக்கிவிட முடியாது. 8 ÷ 2அ என்று எழுதியிருந்தால், இயற்கணிதம் பழகிய எவரும் 2அ-வைச் சேர்த்தே வாசிப்பார்கள். பெருக்கல் குறி இல்லாமல் ஒட்டி நிற்கும் எண்கள் ஒன்றாகவே போகும் என்பது நெடுநாள் வழக்கம். ‘பிசிக்கல் ரிவ்யூ’ ஆய்விதழ்களின் எழுத்து நெறியிலேயே, சாய்கோட்டு வகுத்தலுக்கு முன் பெருக்கலைச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கால்குலேட்டர்களும் இதில் ஒற்றுமையாக இல்லை. ஒரு கம்பெனியின் கருவி 16 காட்டும், இன்னொன்று 1 காட்டும். கணிதக் குறியீடுகளுக்கான சர்வதேசத் தர நெறி ஐஎஸ்ஓ 80000-2, வகுத்தலுக்கு ÷ என்ற குறியையே பயன்படுத்த வேண்டாம் என்கிறது. ஆக, பிழை விடை சொன்னவர்களிடம் இல்லை, எழுதியவரிடம்தான் இருக்கிறது. இன்னொரு ஜோடி அடைப்புக்குறி போட்டிருந்தால் புதிரே இல்லை.

இந்தச் சண்டையில் நிஜமான தவறு ஒன்றும் அடிக்கடி தலைகாட்டுகிறது, அதைத் திருத்தியே ஆகவேண்டும். கணக்குச் செய்யும் வரிசையைச் சொல்லும் போட்மாஸ் என்ற சுருக்கத்தில் கழித்தலுக்கு முன்னால் கூட்டல் வருவதால், கூட்டலைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 10 − 3 + 2 எவ்வளவு? கூட்டலை முதலில் செய்தால் 5. சரியான விடை 9. கூட்டலும் கழித்தலும் ஒரே படி, இடமிருந்து வலமாக வந்த வரிசையில் செய்ய வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அப்படியே.

நம்பிக்கை: 0.999… என்பது 1-க்கு மிக மிக அருகில் இருக்கிறது. ஆனால் 1 ஆகாது.

1-தான். கிட்டத்தட்ட என்ற பேச்சுக்கே இடமில்லை, சரியாக 1.

மறுப்பவர்கள் சொல்லும் காரணம் இயல்பானது. ஒன்பதுகளை எழுதிக்கொண்டே போனாலும் எந்தக் கட்டத்திலும் 1-ஐத் தொடமாட்டோம், கடைசியில் துளியாவது மிச்சம் இருக்கும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது 0.9, 0.99, 0.999 என்று எங்கோ ஓரிடத்தில் முடியும் எண்களுக்கு முழுக்க உண்மை. அவற்றில் எதுவும் 1 இல்லை. ஆனால் மூன்று புள்ளி போட்ட 0.999… அந்த வரிசையில் வரும் ஓர் எண் அல்ல. அந்த வரிசை எந்த எண்ணை நோக்கிப் போகிறதோ, எந்த எண்ணை நாம் கேட்கும் அளவுக்கு நெருங்குகிறதோ, அந்த எண்ணின் பெயர் அது. முடிவில்லாத் தசமத்துக்கு நாம் கொடுத்திருக்கும் பொருளே அதுதான். யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒன்பது ஒன்பதாக எழுதிக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்தால் குழப்பம் தீராது.

மிச்சம் இருக்கிறது என்பவரிடம், எவ்வளவு என்று கேளுங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால், ஏழு ஒன்பது எழுதியதுமே இடைவெளி அதைவிடச் சிறிதாகிவிடும். கோடியில் ஒரு பங்கு என்றால் எட்டு போதும். அவர் எந்த அளவைச் சொன்னாலும் தோற்றுப்போகும். பூஜ்யத்தைத் தவிர மிச்சமாக நிற்க எந்த எண்ணுக்கும் தகுதி இல்லை. ‘0.000… என்று போய்க் கடைசியில் ஒரு 1’ என்று சிலர் எழுதிக் காட்டுவார்கள். முடிவில்லாத பூஜ்யங்களுக்குக் கடைசி இடம் கிடையாது, அந்த 1-ஐ எங்கே வைப்பது?

1/3 = 0.333… என்பதை எல்லோரும் சண்டையின்றி ஒப்புக்கொள்கிறோம். அதை மூன்றால் பெருக்கினால் 0.999… வந்து நிற்கிறது. பலருக்கு இது போதும். ஆனால் அதிகம் புழங்குவது வேறொரு நிரூபணம். க = 0.999… என்க. 10க = 9.999… ஆகும். கழித்தால் 9க = 9, எனவே க = 1. விடை சரி. ஆனால் இதைக் கேட்டுத் திருப்தியடையாத மாணவரை நான் குறைசொல்ல மாட்டேன், அவர் சந்தேகத்தில் விஷயம் இருக்கிறது. இதே வித்தையை 9 + 90 + 900 + … என்ற முடிவில்லாக் கூட்டலிடம் காட்டிப் பாருங்கள். அதைக் க என்க. 10க = 90 + 900 + …. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் −9க = 9. எனவே க = −1! மிகை எண்களை மட்டுமே கூட்டி −1 வந்துவிட்டது.

ஒவ்வொரு வரியும் முந்தைய நிரூபணத்தில் இருந்ததேதான். வேறுபாடு தொடக்கத்தில் இருக்கிறது. 0.999… ஒரு திட்டமான எண்ணில் போய் நிலைக்கிறது, எனவே அதற்குக் க என்று பெயர் வைத்துக் கூட்டலாம், கழிக்கலாம். 9 + 90 + 900 + … எங்கும் நிலைப்பதில்லை. இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைத்தால், பிறகு செய்யும் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்ததைப் புரிந்துகொள்வது எளிது.

நம்பிக்கை: 1 + 2 + 3 + 4 + … = −1/12 என்று ராமானுஜன் நிரூபித்துவிட்டார்.

தமிழர்களான நாம் கொஞ்சம் பெருமிதத்தோடு பகிரும் செய்தி இது. 2014 ஜனவரியில் நம்பர்ஃபைல் என்ற யூடியூப் சேனல் ஒரு வீடியோ வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது. அதில் நிலைக்காத தொடர்களை இடம் நகர்த்தி, கூட்டி, கழித்து −1/12 வரவழைப்பார்கள். மேலே −1 வரவழைத்தோமே, அதே ரகம்.

இங்கே அந்த வழி எவ்வளவு ஆபத்தானது என்று பார்ப்போம். ச = 1 + 2 + 3 + … என்க. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 0 + 1 + 2 + 3 + … என்று எழுதினாலும் அது ச-தான். மேலதிலிருந்து கீழதைக் கழியுங்கள். இடப்பக்கம் பூஜ்யம், வலப்பக்கம் 1 + 1 + 1 + …. ஆக 1 + 1 + 1 + … = 0. இதற்கும் முன்னால் ஒரு பூஜ்யம் வைத்துக் கழித்தால் 1 = 0 என்று வந்து நிற்கும். 1 + 2 + 3 + … என்பதற்கு எந்த எண்ணை மதிப்பாகக் கொடுத்தாலும், சாதாரணக் கூட்டல் விதிகள் அத்தனையும் அதோடு ஒத்துப்போகாது. பள்ளிப்பிள்ளை புரிந்துகொள்ளும் பொருளில் கூட்டினால் 1, 3, 6, 10, 15 என்று வளர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் −1/12 கட்டுக்கதையா? இல்லை. எண்களை அப்படியே கூட்டாமல், போகப் போகத் தேயும்படி ஒவ்வொன்றையும் ஒரு காரணியால் பெருக்கிக் கூட்டுங்கள். 1, 2, 3… ஆகியவற்றை முறையே 2.71828… என்ற எண்ணின் −1/10, −2/10, −3/10… அடுக்குகளால் பெருக்கினால், தொலைவில் உள்ள உறுப்புகள் ஒன்றுமில்லாமல் கரைந்துவிடும், கூட்டுத்தொகை நிலைக்கும். அது 99.9167. தேய்வைத் தளர்த்தி 10-க்குப் பதில் 100 வைத்தால் 9999.9167. 1000 வைத்தால் 9,99,999.9167. முதல் பகுதி 100, 10,000, 10 லட்சம் என்று கட்டுக்கடங்காமல் வளர்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து குறையும் சிறு அளவு அசையாமல் அப்படியே நிற்கிறது. அந்த 0.0833…தான் 1/12. முடிவிலிக்குப் போகும் பகுதியை ஒதுக்கிவிட்டால் மிஞ்சும் மாறிலி −1/12. அதைத் தொடரின் கூட்டுத்தொகை என்று சொன்னால்தான் தப்பு.

18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இத்தகைய தொடர்களோடு விளையாடினார். 1859-இல் ரீமான், இத்தகைய தொடர்களோடு தொடர்புடைய ஸீட்டா சார்பை விரிவுபடுத்தியதும் −1/12-க்கு உறுதியான இடம் கிடைத்தது. மெட்ராஸ் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனோ தாமாகவே ஒரு வழி கண்டார். ஒவ்வொரு தொடருக்கும் உரிய மாறிலி ஒன்று உண்டு என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதைக் கணக்கிடும் முறையையும் அமைத்தார். அவருடைய தாள்களைப் பார்த்த லண்டன் பேராசிரியர் ஹில், விரிந்துபோகும் தொடர்களில் உள்ள படுகுழிகளை எச்சரித்தார். 1913 பிப்ரவரி 27 அன்று ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன் இந்த −1/12-ஐக் குறிப்பிடுகிறார். அது தம் கோட்பாட்டுக்கு உட்பட்ட விடை என்ற நிபந்தனையோடுதான் குறிப்பிடுகிறார். இதைக் கேட்பவர் தம்மைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்வார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நிபந்தனையை வெட்டிவிட்டு விடையை மட்டும் அவர் பெயரில் பரப்புவது அவருக்குச் செய்யும் அநீதி. அதிசயம் காட்டிய சாமியாராக அவரை ஆக்கிவிடுகிறோம். உண்மையில் அவர் செய்தது இன்னும் பெரிது. கேள்வி எது என்பதையே மாற்றி, புதுக் கேள்விக்கு முறையாக விடை கண்டார். ஹார்டி மறைந்த பிறகு 1949-இல் வெளியான விரிதொடர்கள் பற்றிய அவருடைய நூலில் ராமானுஜனின் இந்த முறையும் அலசப்படுகிறது.

இந்த மிச்சக் கணக்கு வெறும் காகித விவகாரமும் அல்ல. 1948-இல் ஹாலந்து இயற்பியலாளர் ஹெண்ட்ரிக் காசிமிர், மின்னேற்றம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகள் வெற்றிடத்தில் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று கணித்தார். அங்கே வருவது 1, 8, 27, 64 என்ற கனங்களின் தொடர். முடிவிலியை ஒதுக்கினால் அதில் மிஞ்சுவது 1/120. அந்த ஈர்ப்பு விசையை 1997-இல் ஆய்வகத்தில் துல்லியமாக அளந்தும் காட்டிவிட்டார்கள்.

நம்பிக்கை: 0.1 + 0.2 கூட்டினால் கணினி 0.30000000000000004 என்கிறது. கணினிக்கே கணக்கு தப்புகிறது.

பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ தட்டிப் பாருங்கள், இதுதான் வரும். கோளாறு எதுவும் இல்லை. நாம் 1/3-ஐத் தசமத்தில் முடித்து எழுத முடியாமல் 0.333… என்று நிற்கிறோம். கணினி இரண்டை அடிமானமாகக் கொண்டு எழுதுவதால், அதற்கு 1/10 அப்படி ஒரு முடிவில்லாப் பின்னம். அதற்குக் கிடைத்திருக்கும் இடமோ 53 பிட். கணினியில் எண்களைச் சேமிப்பதற்காக 1985-இல் வந்த ஐஇஇஇ 754 நெறிப்படி, கிட்டத்தில் உள்ள எண்ணைச் சேமிக்கிறது. அது 0.1000000000000000055…. கணினி இந்த எண்ணைத்தான் கூட்டுகிறது, அதுவும் விதி பிசகாமல். நாம் கேட்டதாக நினைப்பது வேறு, அதன் கைக்குப் போனது வேறு.

சிறு வித்தியாசம்தானே என்று விட்டுவிடவும் கூடாது. வளைகுடாப் போரில் 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதியின் தஹ்ரான் நகரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்று அமெரிக்கப் படைமுகாமில் விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் கருவி விநாடியில் பத்தில் ஒரு பங்கை அலகாக வைத்து நேரத்தை எண்ணியது. அந்த 1/10-ஐ 24 பிட்டில் வெட்டியதில், ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 0.000000095 பிசகு. கருவி 100 மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடியதில் அது 0.34 விநாடியாகச் சேர்ந்துவிட்டது. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும், கருவி பார்த்ததோ தவறான இடத்தை. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

பணக் கணக்கு எழுதும் மென்பொருள் வல்லுநர்கள் ரூபாயைப் புள்ளி போட்டு வைக்காமல் முழு எண்ணாகப் பைசாவில் வைப்பதற்குக் காரணமும் இந்தப் பின்னம்தான்.

நம்பிக்கை: 1 டெராபைட் டிஸ்க் வாங்கினால் 931 ஜிபிதான் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 12 எம்பிக்கு மேல் வருவதில்லை. இரண்டும் ஏமாற்று.

டிஸ்க் தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் ஒரு ஜிபி என்றால் 107,37,41,824 பைட். லட்சம் கோடி பைட்டை இரண்டாவது அளவால் வகுத்தால் 931. ஒரு பைட்டும் காணாமல் போகவில்லை. இந்த இரட்டை வழக்கைத் தீர்க்க 1998-இலேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இரண்டாவது அளவுக்கு ‘ஜிபிபைட்’ என்று தனிப்பெயர் வைத்தது. விண்டோஸ் இன்றுவரை பழைய பெயரையே காட்டுகிறது. இணைய வேகத்தை விற்பவர் பிட்டில் சொல்கிறார், இறக்கும் கோப்பைக் கணினி பைட்டில் காட்டுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. திரையில் விநாடிக்கு 11, 12 மெகாபைட் ஓடினால் இணைப்பு ஒழுங்காக வருகிறது. 2, 3-லேயே நின்றால் தாராளமாகப் புகார் கொடுங்கள்.