சக்கரம் கழற்ற எந்தப் பானா?

அம்பர்நாத் எம்ஐடிசியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் வேலை செய்து நாலு காசு கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் வாங்குவது, ஆன்லைனில் கண்ணைப் பறிக்கும் பெரிய டூல் பெட்டியை. வாங்காதீர்கள். மலிவான பெட்டிகளில் சின்ன அளவுகள்தான் குவிந்து கிடக்கும். நமக்கு வேண்டியது ஆக்ஸில் நட்டுக்கான பெரிய அளவு: 17, 19, 22, 24 மி.மீ. என வண்டிக்கு வண்டி மாறும். ஒரே வண்டியிலும் முன்சக்கரம் ஒன்று, பின்சக்கரம் ஒன்றாக இருக்கலாம். எந்த வண்டிகளைத் தொடப்போகிறீர்களோ அவற்றின் நட்டை அளந்து, தனித்தனியாக வாங்குங்கள்.

கருவி வாங்க மும்பை சிஎஸ்எம்டியில் இறங்கினால் நாக்தேவி தெரு பக்கம்தான். அங்கே கோட்டி என்றால் சாக்கெட், ரிங் பானா என்றால் ரிங் ஸ்பேனர். கோட்டியின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். அறுகோணமாக இருந்தால் எடுங்கள், பன்னிரண்டு முனை இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஆறு முனைக் கோட்டி நட்டின் பக்கங்களைப் பிடிக்கும். பன்னிரண்டு முனையோ மூலைகளில்தான் அழுத்தும், துருப்பிடித்த நட்டை வழித்துவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை ஆக்ஸில் பக்கமே கொண்டுபோக வேண்டாம். குரோம் வெனடியம் என்று பொறித்த உருப்படியே போதும். நாசிக்கில் ஆலை வைத்திருக்கும் டபாரியா இந்த வேலைக்குத் தாராளம், வெளிநாட்டுச் சரக்கு அவசியமில்லை.

அடுத்தது கைப்பிடி. 30 செ.மீ. நீளப் பிடியின் நுனியில் 20 கிலோ அழுத்தினால் சுமார் 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். பிடி இரட்டிப்பு நீளமானால் அதே முறுக்குக்குப் பாதி அழுத்தமே போதும். ஆகவே கழற்ற நீளமான அரை அங்குல பவர் பார் வாங்குங்கள், மேலே ஏறி மிதிக்கும் வேலை வராது. பூட்டும்போது அதே பார் எமன்: அளவு தெரியாமல் இறுக்கி மரையைத் தின்றுவிடும். அதற்கு டார்க் ரென்ச் வேண்டும், எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கை வைப்பது இந்த உருப்படியில்தான். ஊரார் வண்டியைக் காசு வாங்கித் தொடுகிறவருக்கு அந்தச் சிக்கனம் ஆகாது.

ஸ்டாண்டு விஷயத்தில் வண்டிதான் தீர்மானிக்கும். பல்சர் 150, கிளாசிக் 350 போன்றவற்றில் சென்டர் ஸ்டாண்டு உண்டு. டியூக்கில் கிடையாது, பேடாக் ஸ்டாண்டு வாங்கியே தீர வேண்டும். எதுவானாலும், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டின் முதல் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டில் ஏற்றியபின் பாரைப் பிடித்து இழுத்தால் வண்டி உங்கள்மேலேயே சாயும். முன்பக்கத்தைத் தூக்க சைலன்சர் குழாய்க்குக் கீழே செங்கல் வைப்பவர்களைக் கல்யாண் - பத்லாபூர் சாலையோரம் இன்றும் பார்க்கலாம். குழாய் நசுங்கினால் காசு யார் தருவது?

கொங்கண் மழைக்காலம் முடிந்தபின் வரும் வண்டிகளில் ஆக்ஸில் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். துரு நீக்கும் எண்ணெய் அடித்து, டீ குடித்துவிட்டு வாருங்கள். அதன்பிறகு நட்டை ஆக்ஸில் முனையோடு சமமாக வரும்வரை திருப்பி மாட்டி, அதன்மேல் செம்புச் சுத்தியலால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் பட்டால் மரை காளான்போல விரிந்துகொள்ளும், பிறகு நட்டே ஏறாது. திரும்ப மாட்டும்போது ஆக்ஸிலில் கிரீஸ் பூசினால் அடுத்த வருஷம் இந்தக் கூத்து இருக்காது.

சின்னச் சாமான்களில் பிளையர், புது காட்டர் பின்கள், பிரேக் ராடு நட்டுக்கான பானா, ஒரு துண்டு அட்டை. அட்டை எதற்கு? டிஸ்க் பிரேக் சக்கரம் வெளியே இருக்கும்போது யாராவது பிரேக்கை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பேடுகளுக்கு நடுவே அட்டையைச் செருகி வைத்தால் அந்தத் தலைவலி இல்லை. பின்சக்கரமானால் செயின் அட்ஜஸ்டர் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று இருபக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், பிளக் போட்டு அனுப்பலாம். டியூப் டயரானால் சக்கரத்தை மட்டும் கழற்றிப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோங்கள். ரிம்மிலிருந்து டயரைப் பிரிப்பது தனி வேலை, அந்த லீவர்களை இப்போதே வாங்க வேண்டியதில்லை.