அரசுரிமையும் மனிதவுரிமையும்

குற்றஞ் செய்தாரைத் தண்டித்தல் அரசின் உரிமை என்பதை மறுப்பார் இலர். ஆயின், அவ்வுரிமைக்கு எல்லை உண்டோ, உண்டெனின் அதனைக் காப்பார் யாவர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

நம் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த மருங்காபுரியின் ஜமீன்தாரிணி லட்சுமி அம்மணியார், ‘திருக்குறள் தீபாலங்காரம்’ என்னும் நூலை இயற்றியவர். அத்திருக்குறளே நமக்கும் தோற்றுவாய் ஆகின்றது. செங்கோன்மையில் மரண தண்டத்தையும் வேந்தற்கு உரித்தாக்கிய வள்ளுவர், வெருவந்த செய்யாமையில், தண்டம் குற்றத்தின் அளவுக்கு ஒத்திருத்தல் வேண்டுமென வரையறுத்தார். வேந்தன் அவ்வரம்பைக் கடப்பின் குடிகள் யாரிடம் முறையிடுவது?

இவ்வினாவுக்குச் சென்னை ராஜதானியின் சரித்திரம் விடை பகரும். கம்பெனியார் ஆட்சியில், நிலவரி தண்டவும் குற்றத்தை ஒப்புவிக்கவும் குடியானவரை வதைத்தல் வழக்கமாயிருந்தது. விரல்களைக் கட்டைகளினிடையே நெரிக்கும் கிட்டியும், கழுத்தையும் காலையும் கயிற்றாற் பிணிக்கும் அண்ணாந்தாளும் அவ்வதைகளுட் சில. 1854ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பார்லிமெண்டில் இக்கொடுமை பேசப்பட்ட பின்னரே, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரடங்கிய விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. அது சென்னையிலேயே அமர்ந்தது. நேரிற் சென்று முறையிட விரும்பிய மருங்காபுரிக் குடியானவன், புகைவண்டியில்லாத அந்நாளில் இருநூறு மைலுக்கு மேல் நடந்திருத்தல் வேண்டும்! எனினும், வதை உண்மையே என 1855இல் அக்கமிஷன் அறிக்கை செய்தது. வரி தண்டும் அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் ஒருவர் கையிலேயே இருந்தமை பெருங்கேடென்பதும் வெளிப்பட்டது. அடித்தவரிடமே அடிபட்டவன் முறையிடுவதெங்ஙனம்? ஆதலின் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிப் போலீஸ் இலாகா அமைந்தது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, வதைக்கும் போலீஸாரையும் வரி அதிகாரியையும் மட்டுமன்றி, குடியானவனை வதைக்கும் ஜமீன்தாரையும் குற்றவாளிக்கு உதாரணமாகக் காட்டிற்று.

அந்நியர் ஆட்சி 1947இல் ஒழிந்தது; வினா ஒழிந்திலது. சித்திரவதை எவர்க்கும் ஆகாதென 1948ஆம் ஆண்டின் மனிதவுரிமைப் பிரகடனம் விலக்கிற்று. அதனைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையில் நம் நாடு 1997இல் கையொப்பமிட்டது. இன்றளவும் அதனை உறுதி செய்திலது. 2010இல் லோக் சபை நிறைவேற்றிய தடுப்பு மசோதாவும் சட்டமாகாமலே காலாவதியாயிற்று.

உள்நாட்டுச் சட்டமே போதும், அயலார் தலையீடு நம் அரசுரிமைக்கு இழுக்கு என்பர் ஒரு சாரார். வல்லரசுகள் தந்நலங் கருதித் தலையிடுதலும் உண்டாதலின், அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும், சட்டம் 1860 முதலே இருந்தும், 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதையுண்டு மாண்டமையை நாம் மறத்தற்கில்லை. குறைவது சட்டமன்று, வதைத்தவரின் இலாகாவைச் சாராது கேட்டு ஆராயும் செவியே. அத்தகைய செவியை அமைத்தலால் அரசுரிமை குன்றாது. குடிகளின் நம்பிக்கையால் வலிமையே பெறும். நாளை அதிகார பீடங்களில் அமரவிருக்கும் நம் மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.