கழிந்த காலத்தை அளத்தல்

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், மூழ்கியவன் நீருள் எவ்வளவு நேரம் தங்கினான் என்பது பற்றிப் பெருங்கதைகள் உலவின. முத்துப்பார்களைப் பல்லாண்டு மேற்பார்த்த கப்டன் ஸ்டூவர்ட், அரிப்பிலே 87 செக்கனுக்கு மேல் எவனும் தங்கக் கண்டதில்லை என்றார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எமர்சன் டெனன்ற் இதனைக் குறித்துள்ளார். இவ்வளவைக்கு அப்போது மணி எட்டா, ஒன்பதா என்பது வேண்டுவதன்று. மூழ்குதலுக்கும் எழுதலுக்கும் இடையே ஓட்டம் பிறழாத கருவியொன்றே வேண்டும்.

இன்றைய இணையச் சேவையகங்களுக்கும் இதுவே தேவை. ஒரு கோரிக்கை வந்து, அதற்கு விடை சென்று முடிய எத்தனை மில்லிசெக்கன் ஆயிற்று என்பதை அவை பதிவேட்டில் எழுதுகின்றன. சேவை விரைவானதா, மந்தமானதா என்று நாம் தீர்மானிப்பது அவ்வேட்டைக் கொண்டே. முடிந்த மணியிலிருந்து தொடங்கிய மணியைக் கழித்தாற் போதும் எனப் புதிதாகக் கற்போர் கருதுவர். மணியோ மாற்றத்தக்கது. நம் நாட்டில் 1996 மே 25இல் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல், நள்ளிரவு கடந்து 12.30 ஆனபோது அவை மீண்டும் 12.00 ஆக்கப்பட்டன. வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த இடங்களிலோ பழைய நேரமே வழங்கிற்று! 2006 ஏப்ரல் 15இலும் அரைமணி பின்னகர்த்தப்பட்டது. அவ்விரவில் 12.29க்குத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் முடிந்த வேலை, புதிய மணிப்படி 12.01க்கு முடிந்ததாகும். கழித்தால் வருவது மறை இருபத்தெட்டு நிமிடம்.

உலகப் பொது நேரத்தைக் கொண்டால் இவ்விடர் தீரும் எனலாம், முற்றும் தீராது. கணனியின் மணிக்கூடு சிறிது முந்தும், பிந்தும். வலையமைப்பு வழியே அதனைத் திருத்துங்கால் அது தாவுதலுங் கூடும். 2016ஆம் ஆண்டின் முடிவில், புவியின் சுழற்சிக்கு இசைய, உலக நேரத்தில் ஒரு செக்கன் மிகையாகச் சேர்க்கப்பட்டது. அக்கணம் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் தளப்பெயர்ச் சேவையில் கழிந்த காலம் மறை எண்ணாய் வந்து, மென்பொருள் சில இடங்களில் நிலைகுலைந்தது. அம்மென்பொருள் எழுதப்பட்ட 'கோ' மொழி, 2017 ஓகஸ்டில் வெளிவந்த 1.9ஆம் பதிப்பில் இதற்குப் பரிகாரம் பெற்றது.

மறை எண் வந்தால் பிழை உடனே புலப்படும். மணிக்கூடு முன்னோக்கித் தாவியபோது மிகையாய்ப் பதிவாகும் எண்ணே நம்மை ஏமாற்ற வல்லது. அது மெய்யான தாமதம் போலவே தோன்றும்.

பரிகாரம் யாதெனில், ஏறுமுகமாகவே ஓடும் மற்றோர் எண்ணியும் கணனியில் உண்டு. மணியைத் திருத்துவோர் கை அதன்மேற் படாது. தொடக்கத்திலும் முடிவிலும் அதனையே நோக்கிக் கழித்தல் வேண்டும். ஆயினும் கணனியை மீளத் தொடக்கினால் அவ்வெண் தொடராது. வேறொரு கணனியின் எண்ணோடு அதனை ஒப்பிடலும் இயலாது. ஆதலின் பதிவேட்டில் இரண்டு நிரல்கள் வேண்டும்: எப்போது நிகழ்ந்தது என்பதற்கு உலகப் பொது நேரம், எவ்வளவு நீடித்தது என்பதற்கு எண்ணியின் வேறுபாடு.