மணலில் தொடங்கிய வகுப்பறை

நுழையும்முன்

ஓர் எழுத்தைக் கற்றுக்கொண்ட சிறுவன், அதனை அருகில் இருக்கும் சிறுவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் நிகழும் இச்சிறு செயல், ஒரு காலத்தில் தமிழ் மண்ணிலிருந்து கடல் கடந்து சென்று இங்கிலாந்தின் வகுப்பறைகளில் இடம்பெற்றது. அச்செயலின் வலிமையையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

திண்ணையும் சாவடியும்

புதுச்சேரியிலிருந்து சென்னைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டை அடுத்துள்ள கடலோர ஊர் பிள்ளைச்சாவடி. வழிப்போக்கர் தங்கவும் ஊரார் கூடவும் அமைந்த பொதுவிடத்தைச் ‘சாவடி’ என்பர். பள்ளிக்கெனத் தனிக் கட்டடங்கள் இல்லாத காலத்தில் திண்ணை, மரத்தடி, சாவடி, கோயில் மண்டபம் ஆகியனவே வகுப்பறைகளாக விளங்கின. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தமை அக்கணக்கெடுப்பால் தெரியவந்தது. ஆயினும், அவர்களுள் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. சாதியின் பெயரால் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளோ பலர்.

அப்பள்ளிகளின் அன்றாட வாழ்வை உ.வே. சாமிநாதர் ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்துள்ளார். விடியற்காலையிலேயே பள்ளி தொடங்கிவிடும். முதலில் வரும் மாணவனுக்கு ‘வேத்தான்’ என்று பெயர். பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அவர்கள் கைக்கு வந்தன. மாலையில் வீடு திரும்பும்முன் பூ, விலங்கு, பறவை, ஊர் ஆகியவற்றின் பெயர்களை ஆசிரியர் சொல்லி அனுப்புவார். மறுநாள் அவற்றை மறவாமல் சொல்லுதல் வேண்டும். நினைவாற்றலை வளர்த்த அதே பள்ளியில் பிரம்படியும் இருந்தது.

ஆசிரியர் ஒருவரே எல்லா நிலையினருக்கும் கற்பித்தல் அரிது. எனவே, முன்னரே கற்றுத் தேர்ந்த மாணவன் ‘சட்டாம்பிள்ளை’ என்னும் பெயரில் இளையோருக்குப் பாடம் சொன்னான். சொல்லிக்கொடுத்தவனுக்கும் அது மறுபயிற்சியாக அமைந்தது.

கடல் கடந்த முறை

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. எட்டு வயதே நிரம்பிய ஜான் ஃபிரிஸ்கன் என்னும் மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார் பெல். ஆசிரியர் செய்ய மறுத்ததை மாணவன் செய்துகாட்டினான்.

தாயகம் திரும்பிய பெல், 1797இல் தம் பட்டறிவை நூலாக வெளியிட்டார். அவர் பரப்பிய முறை ‘மதராஸ் முறை’ என்றே வழங்கியது. அவர் விட்டுச்சென்ற நிதியைக் கொண்டு ஸ்காத்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவப்பட்ட பள்ளி, இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆனால், அங்கு அம்முறை மிகுதியும் போற்றப்பட்டது சிக்கனத்திற்காகவே. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அமர்த்தி, ஓர் ஆசிரியரைக் கொண்டே பள்ளியை நடத்திவிடலாம் என்று கருதினர். திண்ணையில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் அறிந்திருந்தார். பெருங்கூடத்தில் அதற்கு இடமில்லை. கற்றல் ஒப்பித்தலாகச் சுருங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பயிற்சி பெற்ற ஆசிரியரின் தேவை உணரப்பட்டபோது அம்முறை வழக்கொழிந்தது.

மீண்டும் தரையில்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ அறிமுகமானது. சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. பிள்ளைகள் வரிசையாக அமராமல் பாயில் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களுடன் தரையில் அமர்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைந்தன. கற்றல் ஏணியில் தான் நிற்கும் படியை அறிந்து, உரிய அட்டையைக் குழந்தையே எடுத்துவந்தது. சில குழுக்கள் ஆசிரியர் துணையுடனும் சில குழுக்கள் உடன்பயில்வோர் துணையுடனும் கற்றன. உடல்நலக் குறைவால் சில நாள் வாராத குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடர வழி பிறந்தது.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். உடன்பயிலும் பிள்ளை சொல்லிக்கொடுக்கும்போது கேட்பவனுக்கு அச்சம் நீங்குகிறது; சொல்பவனுக்குத் தெளிவு பிறக்கிறது. ஆயினும், ஏணியில் பின்தங்கி நிற்கும் குழந்தை ஏன் நிற்கிறது என்பதைக் கண்டறிவது ஆசிரியரின் கடமை. பசியா, கண்பார்வைக் குறையா, வீட்டுச் சூழலா என்பதை அட்டை சொல்லாது. மாணவர் ஒருவருக்கொருவர் துணையாவது ஆசிரியரின் கைகளை வலுப்படுத்தவேயன்றி, அவரது இடத்தை நிரப்புவதற்கு அன்று. இங்கிலாந்தின் பெருங்கூடங்கள் மறந்த உண்மை இதுவே.

மணலில் எழுதியது அழிந்துவிடும். ஆனால், விரலைப் பிடித்து எழுதக் கற்பித்தவரின் கை வாழ்நாள் முழுதும் நினைவில் நிற்கும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பயிலும் குழந்தை ஒன்றுக்கு ஒரு பாடத்தைக் கற்பியுங்கள். அப்போது நீங்கள் புதிதாய்க் கற்றுக்கொண்டவற்றை ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.