ஒன்றரை ஏக்கர்: நிலம் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

வேலையை விட்டுட்டு விவசாயம் பண்ணலாமான்னு யோசனையா? லோன் போடுறதுக்கு முன்னாடி, கனடாவின் கியூபெக்கில் ழான் மார்ட்டின் ஃபோர்ட்டியேவும் அவர் மனைவியும் செய்ததைப் பாருங்க.

எடுத்ததுமே நிலம் வாங்கவில்லை. குத்தகை நிலத்தில் கொஞ்சமா விளைவித்துப் பார்த்தார்கள். தங்கியது கூடாரத்தில்! சொந்த நிலம் வாங்கிய பிறகும் சாகுபடி ஒன்றரை ஏக்கர்தான், நாலு சக்கர டிராக்டர் கிடையாது. வருட விற்பனை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. (விற்பனைங்க, லாபம் இல்ல.)

எனக்குப் பிடித்தது பாத்திக் கணக்கு. எல்லாப் பாத்தியும் 30 அங்குல அகலம், 100 அடி நீளம். ஒரே அளவு என்பதால் கேரட் பாத்தி எவ்வளவு தந்தது, கீரைப் பாத்தி எவ்வளவு தந்ததுன்னு நேரா ஒப்பிடலாம். நாம ஃபண்டுகளை ஒப்பிடுற மாதிரி. காலிப் பாத்தியைக் கறுப்புத் தார்ப்பாயால் சில வாரம் மூடிவைப்பார்கள். களை முளைத்து, வெளிச்சமில்லாமல் செத்துப்போகும். களையெடுக்கும் வேலை குறையும்.

இன்னொன்று, முன்பணம். சீசனுக்கு முன்பே வாடிக்கையாளர்கள் பணம் கட்டி, பிறகு வாராவாரம் காய்கறி வாங்கிக்கொள்வார்கள். விதைச் செலவுக்கு வட்டியில்லாப் பணம்!

மண்டியில் கொண்டுபோய்க் கொட்டினால் இந்தக் கணக்கு வராது, நேரடி விற்பனை வேணும். அதனால சம்பளம் வரும்போதே இரண்டு பாத்தி போடுங்க. முதல்ல பக்கத்து வீட்டுக்காரங்க பத்து பேர் காசு கொடுத்து வாங்குறாங்களான்னு பாருங்க.