பல் பிடுங்குவதாகக் கனவு கண்டால்...



சென்ற மாதம் ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். கணவருக்குச் சவூதியில் வேலை. பல் வைத்தியரின் நாற்காலியில் தாம் வாயைத் திறந்தபடி சாய்ந்திருப்பதாகவும், அவர் மேல்வரிசைப் பல் ஒன்றைப் பிடுங்கித் தம் கையில் வைப்பதாகவும் கனவு கண்டிருக்கிறார். விடிந்ததும் அதை மாமியிடம் சொல்ல, மாமி அண்டை வீட்டு மூதாட்டியிடம் சொல்ல, அவர் "மேல்பல் விழுந்தால் ஆண்பிள்ளைக்கு ஆகாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தொலைபேசி மணி அடித்தால் நெஞ்சு பதறுகிறது. மாமி சாடைமாடையாகப் பேசுகிறாராம். கடிதத்தின் இறுதியில் ஒரு செய்தி: மேல்பல்லில் இரண்டு மாதமாகவே வலி, கனவு கண்டபின் வைத்தியரிடம் போகவே அச்சமாயிருக்கிறது!

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. பல் விழுவதாகக் கனவு கண்டு கலங்குவோர் நம்மில் ஏராளம். ஆகவே இதுபற்றி மார்க்கம் என்ன கூறுகிறது என்பதைப் பார்ப்போம்.

கனவுகள் மூவகை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனவுகளை மூன்றாகப் பிரித்துக் காட்டியுள்ளார்கள். ஒன்று, அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி. இரண்டு, மனிதனைத் துயரத்தில் ஆழ்த்த ஷைத்தான் காட்டுவது. மூன்று, மனிதன் தன் உள்ளத்தோடு பேசிக்கொள்வதன் விளைவு. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிம் ஷரீஃபில் இடம்பெற்றுள்ளது.

எனவே ஒரு கனவைக் கண்டவுடன் "இதன் பலன் என்ன?" என்று கேட்பது முறையன்று. "இது எந்த வகை?" என்பதே முதற்கேள்வி. பலன் சொல்லத்தக்கது முதல் வகை மட்டுமே. பகலெல்லாம் பல்வலியால் துடித்து, "வைத்தியரிடம் போகவேண்டுமே" என்று எண்ணியபடி படுக்கும் ஒருவர், இரவில் பல் வைத்தியரைக் கனவில் காண்பதில் வியப்பென்ன? தாகத்தோடு உறங்குபவன் தண்ணீரைக் காண்பது போன்றதே இது. 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. பல் விழும் கனவு காண்போருக்கு, விழிக்கும்போது பல்லிலோ ஈறிலோ தாடையிலோ ஓர் உறுத்தல் இருப்பதோடுதான் அக்கனவுக்குத் தொடர்பு காணப்பட்டது. மனத்துயரோடு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

கனவு நூல்கள்

"கனவு நூல்களில் அப்படித்தானே எழுதியிருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பற்கள் குடும்பத்தாரைக் குறிக்கும், மேல்வரிசை ஆண்களையும் கீழ்வரிசை பெண்களையும் குறிக்கும் என்று அவற்றில் காணப்படுகிறது. ஆனால் அதே நூல்களில், விழுந்த பல் கையிலோ மடியிலோ சேர்ந்தால் பொருள் கிடைக்கும், குழந்தை பிறக்கும், கடன் அடையும் என்றெல்லாமும் காணப்படுகிறது. அந்தச் சகோதரியின் கனவில் பல் கையில்தானே வந்தது? மூதாட்டியோ பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிட்டார்!

மேலும், இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் பெயரால் இன்று கடைகளில் விற்கும் கனவு நூல் அவர்களே எழுதியதன்று. பிற்காலத்தார் தொகுத்ததே என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஹிஜ்ரி 110இல் பஸராவில் மறைந்த அம்மாமேதை, கனவை மட்டுமல்ல, கண்டவரையும் பார்த்தே பலன் கூறினார்கள். பாங்கு சொல்வதாக இருவர் கனவு கண்டு வந்தபோது, ஒருவரிடம் "ஹஜ்ஜுக்குச் செல்வீர்" என்றும், மற்றவரிடம் "திருடிக் கை வெட்டப்படுவீர்" என்றும் கூறியதாக வரும் செய்தி பிரபலமானது. அவ்வாறிருக்க, ஒரு கனவுக்கு ஒரு பலன் என்று பட்டியலைப் பார்த்து மரணச் செய்தி சொல்ல நமக்கு உரிமை ஏது? எந்த ஆன்மாவும் நாளை நடப்பதையோ, தான் எந்த மண்ணில் மரணிக்கும் என்பதையோ அறியாது என்பது லுக்மான் சூராவின் இறுதி வசனம் நமக்குக் கற்பிக்கும் பாடமன்றோ!

செய்ய வேண்டியவை

வெறுப்பான கனவு கண்டால் செய்ய வேண்டியவற்றை நாயகம் (ஸல்) அவர்களே கற்பித்துத் தந்துள்ளார்கள்:

1. இடப்பக்கம் மும்முறை இலேசாகத் துப்ப வேண்டும்.
2. ஷைத்தானின் தீங்கிலிருந்தும், அக்கனவின் தீங்கிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேட வேண்டும்.
3. படுத்திருந்த பக்கத்தை மாற்றிப் படுக்க வேண்டும். எழுந்து தொழுதால் இன்னும் சிறப்பு.
4. அதை எவரிடமும் சொல்லக்கூடாது.

இவ்வாறு செய்தால் அக்கனவு தீங்கு செய்யாது என்பது நபிமொழி. தாபியீன்களில் ஒருவரான அபூ ஸலமா (ரஹ்) அவர்கள், தம்மை நோயில் தள்ளும் அளவுக்குக் கனவுகள் கண்டு வருந்தியவர்கள். அபூ கதாதா (ரலி) அவர்களிடம் இந்த ஹதீஸைக் கேட்டபின் அக்கவலை தீர்ந்தது என்று கூறியுள்ளார்கள்.

நான்காவது கட்டளையைக் கவனியுங்கள். தம் தலை வெட்டப்பட்டு உருண்டோடுவதாகக் கனவு கண்டு வந்து சொன்ன ஒரு நாட்டுப்புற அரபியிடம், ஷைத்தான் உறக்கத்தில் உம்மோடு விளையாடியதை மக்களிடம் சொல்லித் திரியாதீர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்தச் சகோதரி சொல்லாதிருந்தால் அந்த வீட்டின் நிம்மதி போயிருக்காது.

கேட்பவர் கவனத்திற்கு

பழங்கதை ஒன்றுண்டு. தம் பற்கள் அனைத்தும் விழுவதாக ஓர் அரசர் கனவு கண்டார். "உம் உறவினர் அனைவரும் உமக்கு முன்பே இறப்பர்" என்றவருக்குச் சவுக்கடி கிடைத்தது. "உறவினர் எல்லாரையும்விட நீர் நீண்ட நாள் வாழ்வீர்" என்றவருக்குப் பரிசு கிடைத்தது. பலன் ஒன்றே, நாவுதான் வேறு. கனவைக் கேட்கும் மாமியார்களும் மூதாட்டிகளும் இதை மறக்கலாகாது. நல்லதாயின் சொல்லுங்கள், இல்லையேல் வாய்மூடி துஆச் செய்யுங்கள். மருமகளின் உறக்கத்தில் உங்கள் மகனின் ஆயுள் எழுதப்படவில்லை. அதை எழுதியவன் அல்லாஹ்.

பல்லைப் பாருங்கள்

இறுதியாக அச்சகோதரிக்கு ஒரு வார்த்தை. கனவை விடுங்கள், பல்லைப் பாருங்கள். அல்லாஹ் எந்த நோயையும் மருந்தின்றி இறக்கவில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையிட்டுவிடுவேன், உம்மத்துக்குச் சிரமமாகுமே என்பதால்தான் விட்டேன் என்று கூறும் அளவுக்குப் பல்லைப் பேணச் சொன்னவர்கள் அவர்கள். சொத்தைப் பல்லைப் புறக்கணித்தால் சீழ் வைக்கும். மேல் கடைவாய்ப் பல்லானால் அது கன்னத்தெலும்பின் உள்ளறை வரை பரவவும் கூடும். பெண் வைத்தியர் கிடைத்தால் அவரிடமே செல்லுங்கள். கிடைக்காவிடில், மஹ்ரமோ நம்பகமான பெண்ணோ உடனிருக்க, தேவையான அளவுக்கு ஆண் வைத்தியரிடம் காட்ட மார்க்கம் இடமளிக்கிறது. மாமியே துணைக்குப் போகட்டுமே! வீட்டில் ஏற்பட்ட மனக்கசப்புக்கும் அதுவே மருந்தாகும்.

வல்ல ரஹ்மான் வீண் அச்சங்களிலிருந்து நம் இல்லங்களைக் காத்து, தவக்குலுடன் வாழும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.